பாலைவனத்தில் என் மகளின் கொலுசு

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. பத்திரிகை அலுவலகம் இன்னும் என்னை விட்டபாடில்லை. போன வாரம் கவிதா போன் செய்தாள். நான் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்காருகிற பெண். என்னைவிட நன்றாக எழுதுவாள். அதை அவளிடம் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

"சார், குண்டு விழுந்த ஊர்லேருந்து ஒரு படம் வந்திருக்கு. இடிஞ்ச வீடு, செங்கல் மேல சின்னக் குழந்தையோட ஷூ ஒண்ணு. ரெண்டு வரி எழுதிக் குடுங்க சார். அழ வைக்கிறதுக்கு உங்கள விட்டா ஆள் இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஷூ மேல தூசி இருக்கா?"

அந்தப் பக்கம் மவுஸ் கிளிக் சத்தம் கேட்டது.

"இல்ல சார். சுத்தமா இருக்கு."

"செங்கல் மேல?"

"அதுல அப்பியிருக்கு."

"வீடு இடியறப்ப ஷூ மட்டும் டீ குடிக்க வெளிய போயிருந்துச்சாம்மா?"

"உங்களுக்கு எதுலதான் சார் சந்தேகம் இல்ல?" என்று சலித்துக்கொண்டாள். "இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்கன்னு ஆண்டு மலருக்கு எழுதுங்க. நாங்களும் கத்துக்கறோம்."

எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் ஒரு குழந்தை இறந்திருக்கலாம். போரில் குழந்தைகள் சாகிறார்கள் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் சந்தேகமெல்லாம் அந்த ஷூவைக் கொண்டுவந்து வைத்தவன் மீதுதான். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் அவன் வேலையைத்தான் நான் பார்த்தேன்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான கையோடு எங்கள் பத்திரிகையும் இங்கே ஒரு பதிப்பு தொடங்கியது. எண்பத்தொன்பதில் நான் வந்து சேர்ந்தேன். அதற்கு முன்னால் வேறொரு ஊரில் சினிமாத் துணுக்கு, ராசிபலன், கோலப்போட்டி முடிவு என்று ஏழு வருடம் ஓட்டியிருந்தேன். ராசிபலன் நன்றாக எழுதுவேன். யார் படித்தாலும் தனக்கே எழுதியது போல இருக்கும். அந்தத் திறமையைப் பார்த்துத்தான் என்னை வெளிநாட்டுச் செய்திக்குப் போட்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

வேலை எளிது. மூலையில் டெலிபிரிண்டர் கடகடவென்று ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். காகிதம் சுருள் சுருளாகத் தரையில் இறங்கும். கிழித்து எடுத்து, தமிழில் எழுதி, ஆங்கிலத் தாளை மேஜை மேல் இருக்கும் ஆணிக் கம்பியில் குத்தி வைக்க வேண்டும். மறுநாள் யாராவது சண்டைக்கு வந்தால் காட்டுவதற்கு. பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். எங்கோ நடக்கும் போருக்காகத் திருவண்ணாமலையில் யார் சண்டைக்கு வருவார்கள்?

செய்தி ஆசிரியர் துரைசாமி சார் அதிர்ந்து பேச மாட்டார். கழுத்தில் பவுடர், சட்டைப் பையில் எஃகு ஸ்கேல். பிடிக்காத பத்தியை ஸ்கேல் வைத்து நேர்கோட்டில் கிழித்து, கிழிந்த துண்டை மரியாதையாக நம்மிடமே திருப்பிக் கொடுப்பார். பிடித்திருந்தால் பேனா மூடியைப் போடுவார். அந்த 'டிக்' சத்தம்தான் எங்களுக்குப் பாராட்டு, போனஸ், எல்லாம்.

ஆனால் கண்ணீர்ச் செய்திக்கு மட்டும் அவர் தன்னை நம்ப மாட்டார். "காந்தம்மாவைக் கூப்பிடு" என்பார். காந்தம்மா அலுவலகம் பெருக்குகிறவர். துடைப்பத்தோடு வந்து நிற்பார். சார் செய்தியை வாய்விட்டுப் படிப்பார். காந்தம்மா "ஐயோ பாவம்" என்றால் ஏழாம் பக்கம். முந்தானையால் கண்ணைத் துடைத்தால் முதல் பக்கம். பேசாமல் பெருக்கப் போய்விட்டால் செய்தி குப்பைக்கு. அதையும் அவரேதான் பெருக்குவார்.

என் செய்திக்குக் காந்தம்மா துடைக்காத நாளே இல்லை. நான் கொஞ்சம் தலைக்கனத்தோடு திரிந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

தொண்ணூறாம் வருடம் ஆடி மாதம் குவைத்துக்குள் பக்கத்து நாட்டு ராணுவம் புகுந்தது. நம் மாவட்டத்தில் இருந்து டிரைவர், கொத்தனார், தையல்காரர் என்று நிறைய பேர் அங்கே இருந்தார்கள். தபால் நின்றது, போன் நின்றது. தப்பித்தவர்கள் ஜோர்டான் எல்லையில் பாலைவனக் கூடாரங்களில் விமானத்துக்குக் காத்திருப்பதாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் பிற்பகல் டெலிபிரிண்டர் நான்கு வரி அடித்தது. எல்லை முகாமில் வெயில் தாங்காமல் ஓர் இந்தியர் இறந்தார். வயது முப்பத்தைந்து இருக்கலாம். பெயர் தெரியவில்லை. அவ்வளவுதான்.

எழுதிக் கொடுத்தேன். சார் பேனா மூடியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"தமிழனா?"

"தெரியல சார். போடல."

"தமிழன் இல்லன்னு போட்டிருக்கா?"

"இல்ல சார்."

"தமிழனா இருந்தா போஸ்டர் போடலாம்" என்றார், யாரிடமோ வருத்தமாகச் சொல்வது போல. ஸ்கேலை எடுக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். நான் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆக, அவர் எதுவும் சொல்லவில்லை. இன்றைக்கும் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லாமல் போனது அதனால்தான்.

இறந்தவனைத் தமிழனாக்கினேன். அது போதவில்லை. கையில் ஏதாவது வேண்டும். கடிதம் என்றால் பழசு. புகைப்படம் என்றால் எல்லாரும் எழுதுவது. அன்று காலை என் மகள் சுமதி, கொலுசில் ஒரு முத்து விழுந்துவிட்டதென்று வீட்டையே தலைகீழாக்கி அழுதிருந்தாள். மூன்று முத்து இருந்த இடத்தில் இரண்டு. வேறெங்கும் போகாமல் அதையே எடுத்தேன். "இறுகிய விரல்களுக்குள் மகளுக்காக வாங்கிய வெள்ளிக் கொலுசு. மூன்று முத்துகளில் ஒன்று உதிர்ந்திருந்தது. அந்த ஒரு முத்தைத் தேடி மணல் இன்னும் காற்றில் அலைகிறது."

மணல் முத்தைத் தேடுமா என்று கேட்காதீர்கள். காந்தம்மா முந்தானையை எடுத்தார். 'டிக்.' மறுநாள் மாவட்டத்தில் இருக்கிற எல்லாப் பெட்டிக்கடையிலும் எங்கள் போஸ்டர் தொங்கியது: பாலைவனத்தில் தமிழன் பலி! கையில் மகளின் கொலுசு!

நான்கு நாள் கழித்துக் கீழ்பென்னாத்தூரில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். வளர்மதி என்ற பெண், இருபத்தைந்து வயது இருக்கும். கூட அவள் அண்ணன் பச்சையப்பன், பள்ளிக்கூட வாத்தியார். அவள் கையில் எங்கள் பேப்பர், எட்டாக மடித்தது. மடிப்பில் எழுத்து அழிய ஆரம்பித்திருந்தது.

"எம் புருசன் ஏழுமலை, குவைத்துல டைலருங்க" என்றாள். "கடைசி லெட்டர்ல கொழந்தைக்குக் கொலுசு வாங்கி வெச்சிருக்கேன்னு எழுதியிருந்தாரு. வயசு முப்பத்திநாலு. இத எழுதுனது யாருங்க?"

அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதுவரை அப்படிப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

"மாமியார் வூட்ல அவருதான்னு முடிவே பண்ணிட்டாங்க" என்றார் வாத்தியார். "வர்ற வெள்ளிக்கிழமை காரியம். சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு."

"என் கழுத்துல இருக்கறத எடுக்கப் போறாங்க சார்" என்றாள் வளர்மதி. அழவில்லை. பேப்பரைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவரு வாங்குனது புதுக் கொலுசு. இதுல முத்து உதிர்ந்திருக்குன்னு போட்டிருக்கீங்க. புதுக் கொலுசுல எப்படிங்க முத்து உதிரும்?"

"கீழ வுழுந்ததுல உதிர்ந்திருக்கும் வளரு" என்றார் அண்ணன்.

"உன்னக் கேக்கல. பாத்தவர கேக்கறேன். இன்னா சார், யாரு பாத்தாங்க இத?"

இத்தனை வருட வேலையில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. டெலிபிரிண்டர் கேட்கவில்லை, துரைசாமி சார் கேட்கவில்லை, காந்தம்மா கேட்கவில்லை. ஐந்தாவது வரை படித்த பெண் ஒருத்தி கேட்டுவிட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அங்க இருக்கற எங்க நிருபர்கிட்ட விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றேன். எங்களுக்குப் பக்கத்து ஊரான செங்கத்திலேயே நிருபர் கிடையாது.

அவர்கள் போனதும் ஆணிக் கம்பியில் தேடி அந்த நான்கு வரித் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். அதைக் காட்டினால் போதும், கொலுசு என்ற சொல்லே அதில் இல்லை, வாத்தியாருக்கு ஆங்கிலம் தெரியும் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் செங்கம் ரோட்டில் அவருடைய பள்ளிக்கூடம் தேடிப் போக நினைத்திருந்தேன். அதற்குள் டெலிபிரிண்டர் இன்னொரு செய்தி அடித்தது. நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன்.

என் கொலுசு ஆங்கிலத்தில் வந்திருந்தது.

யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் பேப்பரைப் பார்த்துச் செய்தி நிறுவனத்துக்கு அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றி எனக்கே திரும்பி வந்திருக்கிறது. போகிற வழியில் வளர்ந்தும் இருந்தது. கொலுசு இப்போது மணலில் பாதி புதைந்து கிடந்தது. நான் யோசிக்காத இடம். என் முதல் உணர்ச்சி வெட்கமில்லை, பொறாமை. 'அடப்பாவி, இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே!' இரண்டாவதாகத்தான் வளர்மதி ஞாபகத்துக்கு வந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் வாத்தியாரிடம் நான்கு வரித் தாளைக் காட்டினேன். எல்லாம் நான் சேர்த்தது என்று சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"நல்ல மனசு சார் உங்களுக்கு. எங்க தங்கச்சி நெலமையப் பாத்து ஆறுதலுக்குச் சொல்றீங்க. காலைல ரேடியோவுலயே சொல்லிட்டான் சார். மணல்ல பொதஞ்சிருந்துச்சாம். வெளிநாட்டுக்காரன் இன்னாத்துக்கு சார் பொய் சொல்லப் போறான்?"

நான் பொய் எழுதினபோது மாவட்டமே நம்பியது. உண்மை சொன்னபோது ஓர் ஆள் நம்பவில்லை, அதுவும் என்னை நல்லவன் என்று நினைத்து. இதைவிட அவமானம் ஒரு பத்திரிகைக்காரனுக்கு இருக்க முடியாது.

வியாழக்கிழமை காலை சுமதியின் காலில் இருந்து கொலுசைக் கழற்றினேன். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். "குழந்தை கொலுச எதுக்குக் கழட்டறீங்க? அடகுக்கா?" என்றாள் என் மனைவி. "இல்ல. சாட்சிக்கு" என்றேன். செஞ்சி போகிற பஸ்ஸில் ஏறிக் கீழ்பென்னாத்தூரில் இறங்கினேன்.

வீட்டு வாசலில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். வளர்மதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் பேசவில்லை. பேசினால் ஆறுதலாகிவிடும் என்று பயம். கொலுசை அவள் கையில் வைத்தேன்.

அவள் முத்துகளை எண்ணினாள். இரண்டு. உதிர்ந்த இடத்தில் விரலால் தடவிப் பார்த்தாள். திருகாணியைத் திருப்பி உள்ளே இருந்த கடை முத்திரையைப் பார்த்தாள். திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் எல்லாரும் வாங்குகிற கடை. அவள் காலில் இருந்த கொலுசும் அங்கேதான் வாங்கியிருக்க வேண்டும்.

"இது யாருது?"

"எம் பொண்ணுது."

"உம் பொண்ணு கொலுச எடுத்து எம் புருசன் கைல குடுத்து சாவடிச்சியா?"

அதுவரை 'சார்', 'வாங்க போங்க' என்று பேசியவள். இந்த ஒருமையில் எனக்கு வருத்தமே இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. நம்பிவிட்டாள்.

மாமியார் ஓடிவந்தார். கொலுசு ஒவ்வொரு கையாகச் சுற்றியது. ஒரு பெரியவர் என்னை அடிக்கலாமா என்று பொதுவாக அபிப்பிராயம் கேட்டார். இரண்டு பேர் ஆதரித்தார்கள். வளர்மதி எல்லாரையும் தள்ளிக்கொண்டு என் முன்னால் வந்தாள்.

"அப்ப அவரு உசுரோட இருக்காரா?"

இந்த இடத்தில் 'நிச்சயமாக இருப்பார்மா' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அழகான வாக்கியம். காந்தம்மா துடைத்திருப்பார். விழுங்கினேன்.

"தெரியாதும்மா."

"செத்த ஆளு யாரு?"

"தெரியாது."

"உனக்கு இன்னாதான் தெரியும்?"

"அந்த நாலு வரிதாம்மா தெரியும்."

அவள் யார் கையிலோ இருந்த கொலுசை வாங்கி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு திரும்பி, "பந்தக்கால புடுங்குங்க" என்றாள்.

அலுவலகம் திரும்பி, திருத்தம் போட வேண்டும் என்று துரைசாமி சாரிடம் நின்றேன். பவுடரைத் துடைத்துக்கொண்டார். "உலகம் பூரா போயிடுச்சுப்பா. இப்ப நாம இல்லன்னா, நாமதான் பொய்யாயிடுவோம்" என்றார். நான் வேலையை விடுகிறேன் என்றேன். உண்மையில் விட்டிருக்க மாட்டேன், அவர் அதை நம்பியதுதான் என் அதிர்ஷ்டம். மூன்று நாள் கழித்து, சாத்தனூர் அணை நீர்மட்டத்துக்குக் கீழே, எறும்பளவு எழுத்தில் வந்தது: 'இறந்தவர் பற்றிய சில விவரங்கள் உறுதி செய்யப்படவில்லை.' அந்தத் திருத்தத்துக்கே ஒரு திருத்தம் போட்டிருக்க வேண்டும்.

அந்த வாரம் காந்தம்மாவிடம் கேட்டேன். "அந்தக் கொலுசு செய்திக்கு அவ்வளவு அழுதீங்களேம்மா, எந்த வரிக்கு?"

"வரியாவது, கிரியாவது" என்றார் காந்தம்மா. "அழுவலன்னா அந்தாளு மறுக்காவும் மொதல்லேருந்து படிப்பாரு. எனக்கு மாடி வேற பெருக்கணும்."

என் வாழ்க்கையில் வாங்கிய எல்லாப் பாராட்டும் அன்று ஒரே வீச்சில் குப்பைக் கூடைக்குப் போயிற்று.

புரட்டாசிக் கடைசியில் ஒரு பகலில் வளர்மதி மறுபடி வந்தாள். பின்னால் தாடியோடு, கறுத்து இளைத்த ஓர் ஆள். என் மேஜைக்கு முன்னால் அவரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். "பாத்துக்க. இவருதான் உன்ன சாவடிச்சவரு."

ஏழுமலை கும்பிட்டார். செத்தவன் வந்து கும்பிட்டால் திரும்பக் கும்பிடுவதா, எழுந்து ஓடுவதா என்று தெரியாமல் டீ சொன்னேன். பாலைவனம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"போர் அடிச்சுது சார்" என்றார். "சீட்டு ஆடுவோம். ஒரு நாள் வெள்ளைக்காரர் ஒருத்தர் கேமரா எடுத்துக்கினு வந்தாரு. சீட்டக் கீழ வைங்கன்னு சைகை காட்டுனாரு. வெச்சோம். சிரிக்காதீங்கன்னாரு. அப்பதான் சார் சிரிப்பு ஜாஸ்தியா வந்துச்சு. அடக்கறதுக்குத் தலையக் குனிஞ்சிக்கினோம். அதத்தான் புடிச்சுக்கினு போனாரு."

"கொலுசு?"

"எல்லை தாண்டறதுக்கு லாரிக்காரன் கைல குடுத்துட்டேன்." டீயை ஒரு வாய் குடித்தார். குரல் இறங்கியது. "ஒரு நாள் தண்ணி லாரி வந்துச்சு சார். எனக்கு முன்னாடி ஒரு பெரியவர் நின்னாரு. அவரத் தள்ளிட்டு நான் புடிச்சேன். அப்புறம் அவரப் பாக்கவே இல்ல. அது எந்தப் பேப்பர்லயாவது வந்துச்சா?"

வரவில்லை. நானும் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன், அவரிடம் கேட்டுக்கொண்டு.

அதற்குப் பிறகு எத்தனையோ போர். டெலிபிரிண்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது. காகிதச் சுருளில் வந்த போர் டிவியில் பின்னணி இசையோடு வந்தது. பொம்மை, ஒற்றைச் செருப்பு, கிழிந்த பள்ளிப் பை, எரியாமல் தப்பிய புத்தகம். எதைப் பார்த்தாலும் வளர்மதியின் விரல் வந்து அந்த வரியில் நிற்கும். எத்தனை முறை சரியாகச் சந்தேகப்பட்டேன், எத்தனை முறை நிஜமான பொம்மையைக் கிழித்துப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. சந்தேகப்படுகிறவன் செய்கிற பாவத்துக்குத் திருத்தம் போடுகிற வழக்கம் இல்லை.

ஓய்வு விழாவுக்குப் பேன்ட் தைக்கக் கீழ்பென்னாத்தூரில் ஏழுமலை கடைக்குத்தான் போனேன். எனக்கு முன்னால் ஒரு இளைஞன், கல்யாணத்துக்கு அளவு கொடுக்க நின்றான். சுவரைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். என் செய்தி. லேமினேஷன் செய்து, மாலை போடாத குறையாக ஆணியில் மாட்டியிருந்தது.

"படிச்சா மனசு எப்பிடியோ ஆவுதுண்ணே. பாவம். யாருண்ணே இவரு?"

"நான்தான்டா" என்றார் ஏழுமலை, டேப்பைக் கழுத்தில் இருந்து உருவிக்கொண்டே. "கைய தூக்கு."

"சும்மா இருண்ணே" என்று கையைத் தூக்கிக்கொண்டே மறுபடி முதலில் இருந்து படிக்க ஆரம்பித்தான்.

"ஏம்பா, திருத்தமும் போட்டோமே. அதையும் பக்கத்துல மாட்டக் கூடாதா?" என்றேன்.

"அத மாட்டுனா எவன் சார் நின்னு படிப்பான்?"

சரி, பதினெட்டு வருடம் ஆகிறது, அப்படி என்னதான் எழுதித் தொலைத்தேன் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். இறுகிய விரல்கள். உதிர்ந்த முத்து. செத்துப்போனவன் என் பக்கத்தில் நின்று ஒருத்தனுக்குத் தோள் அளந்துகொண்டிருக்கிறான். கொலுசுக்காரி சுமதிக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மணல் முத்தைத் தேடுகிற இடம் வந்ததும் எழுத்து மங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

உள்ளே சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த வளர்மதி தலையை நிமிர்த்தினாள்.

"இன்னா சார், நெஜமாவே அழுவறீங்களா? இல்ல, இதுவும் எழுதறதுக்கா?"

"தெரியாதும்மா" என்றேன்.